கேசட்டில் பதினான்கு வெட்டு

படத்தில் பதினோரு வெட்டு. ராஜபாளையம் கேசட்டில் பதினான்கு.

பானுப்பிரியா மூன்று முறை எண்ணிவிட்டாள். கடைசிச் சண்டையில் கதாநாயகன் வெட்டுவது பதினோரு முறைதான். அந்தப் படத்தின் ரசிகன் எவனைக் கேட்டாலும் சொல்வான். படத்தைப் புதுப்பித்து வெளியிட்டவர்கள் பழைய ஒலியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெட்டுக்கு வெட்டு கணீரென்று ஒரு புதுச் சத்தத்தைச் சேர்த்துவிட்டார்கள். பழையது எங்கும் இல்லை. அதை மீட்டெடுக்க முந்நூறு ரசிகர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருந்தார்கள். அதில் ஒரு வார்த்தை பேசாமல் முக்கால்வாசி வேலையைச் செய்தவள் பானுப்பிரியா. இயற்பியல் படித்தவள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில்லின் ஆய்வகத்தில் வேலை.

முப்பது வருடத்துக்கு முன்பு கொட்டகையில் டேப் ரெக்கார்டரை வைத்து படத்தின் ஒலியைக் கேசட் கேசட்டாகப் பிடித்து வைத்தவர்கள் உண்டு. அப்படி, கடைசிச் சண்டை அடங்கிய இரண்டு கேசட்டுகள் கிடைத்தன. ஒன்று கோவில்பட்டியில் பிடித்தது. மற்றது ராஜபாளையத்தில் படம் ஓட்டும் ஆபரேட்டர் தவசிமுத்து, கடைசி வரிசைக்குப் பின்னால் ரெக்கார்டரை வைத்துப் பிடித்தது. அவருடைய மகன் ஜோயலும் குழுவில் இருந்தான். தளவாய்புரத்து வீட்டுப் பரணிலிருந்து அவன்தான் எடுத்துக் கொடுத்தான்.

ஒரு கேசட்டின் அலையைத் தலைகீழாக்கி மற்றதன்மேல் துண்டு துண்டாகப் பொருத்தினால், இரண்டிலும் பொதுவாக இருக்கும் படம் அமுங்கிப்போகும். மிஞ்சுவது கொட்டகை. விசில், இருமல், முறுக்கு விற்பவன். இதற்குக் குழுவில் கழிவு என்று பெயர். கழிவு இன்னதென்று தெரிந்தால்தான் அதைப் படத்திலிருந்து நீக்க முடியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கழிவில் மூன்று வெட்டு மிஞ்சியது. வாள் சத்தம் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அறைந்ததுபோல, எதிரொலி இல்லாமல். நடுவே ஓர் ஆண்குரல்: “தவசி... ஏலே தவசி, வேண்டாம்லே...”

கழிவை இரண்டாவது ஆளின் காதுக்கு அனுப்பாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். எண்ணிக்கையிலேயே கண்ணாக இருந்தவள், ‘உனக்கும் பதினாலு கேக்குதா?’ என்று எழுதி ஜோயலுக்கு அனுப்பிவிட்டாள். அந்தக் குரல் சொன்னது யார் பெயர் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. 

அந்தக் கொலையை அறியாதவர்கள் ராஜபாளையத்தில் கிடையாது. முப்பது வருடத்துக்கு முன்பு, இதே படம் ஓடும்போதே கடைசி வரிசையில் சேத்தூர் சிவனாண்டியை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆபரேட்டர் ரீலிலிருந்து பாட்டுத் துண்டுகளை வெட்டித் திருடுகிறான் என்று டிக்கெட் கவுண்டர் முன்னால் தவசிமுத்துவைச் செருப்பால் அடித்தவன் சிவனாண்டி. ஆனாலும் யாரும் தவசிமுத்துவைச் சந்தேகப்படவில்லை. படம்தான் ஓடிக்கொண்டிருந்ததே. கடைசி ரீலை ஏற்றிவிட்டால் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடம் ஓய்வு என்பதைக் கோர்ட்டில் எவரும் கேட்கவில்லை. “ரூம் ஓட்டை வழியாப் பாத்தேன், வெட்டுனது வேல்பாண்டி” என்று அவர் சாட்சி சொன்னார். அந்த வாரம்தான் பஸ்ஸில் சிவனாண்டியோடு கட்டிப் புரண்டிருந்தான் வேல்பாண்டி. பதினான்கு வருடம் உள்ளே இருந்தான்.

இப்போது வேல்பாண்டி பானுப்பிரியாவின் மில்லில் வாட்ச்மேன். டீக்காரர் அவருக்கென்று ஒரு டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு முகம் பார்க்காமல் நகர்வார். அவளும் மூன்று வருடமாகத் தலையைக் குனிந்தபடிதான் அந்தக் கேட்டைக் கடந்திருக்கிறாள்.

ஜோயலிடமிருந்து பதில் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் கதவு உடைந்தது.

அம்மா ஆனந்தவல்லி சுந்தரபாண்டியத்துக்கு வளைகாப்புக்குப் போயிருந்தாள். உள்ளே வந்த தவசிமுத்துவுக்கு அறுபது வயதிருக்கும். கையில் அரிவாள்.

“எங்கட்டி கேசட்டு?”

அவள் காட்டுவதற்குள் அவரே பார்த்துவிட்டார். டெக்கிலிருந்து கேசட்டைப் பிடுங்கி, நாடாவை உருவி, தரையில் போட்டுக் கொத்தினார். லேப்டாப்பைக் காலால் மிதித்து உடைத்தார். ஹார்ட் டிஸ்க்கை அரிவாளின் பின்புறத்தால் நொறுக்கினார்.

“அறுவது நிமிசக் கேசட்டுன்னுல்ல நெனச்சேன்! சண்டை வாறதுக்கு முன்னாலயே நின்னுருக்கணும்ல! எந்த மூதேவி அறுவது பெட்டிக்குள்ள தொண்ணூறப் போட்டு வச்சான்?” அவர் யாரிடமோ முறையிடுவதுபோலக் கத்தினார். பிறகு அவள் கூந்தலைப் பிடித்தார். “எம்மவன் போன்ல அழிச்சாச்சு. வேற எங்க வச்சிருக்க?”

வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி இருக்க வேண்டும். அதுவும் குழுவின் வழக்கம்தான். இரண்டு கேசட்டையும் ஏற்றிய அன்றே ஒரு பென் டிரைவில் போட்டு, மில் ஆய்வகத்தில் துணி மாதிரிகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

அவர் அவளுடைய வலது கையை மேஜைமேல் அழுத்திச் சுண்டுவிரலைப் பின்னால் மடக்கினார். அது முறிந்தது.

“சொல்லுட்டி.”

அடுத்த விரல். கண் இருண்டது. வாந்தி வந்தது. வாயைத் திற, வாயைத் திற என்று டீச்சரும் அம்மாவும் திட்டித் தீர்த்த பெண். இப்போதும் திறக்கவில்லை.

“ஊமைக் கழுத!” அரிவாள் உயர்ந்தது.

“யப்பா!” ஜோயல் வாசலிலிருந்து பாய்ந்து குறுக்கே கையை நீட்டினான். உதடு கிழிந்திருந்தது. அவள் அனுப்பியதை வீட்டில் போட்டுக் கேட்டபோதே அப்பாவிடம் அடி வாங்கியிருந்தான்.

அதே சத்தம். ஈரத்துணி, கல். பதினைந்து, என்று அவள் மனம் எண்ணியது.

முழங்கைக்குக் கீழே எலும்பு தெரிந்தது. ஜோயல் மற்ற கையால் டெக்கைத் தூக்கி அப்பாவின் மண்டையில் இறக்கினான். அவர் விழுந்த பிறகும் இறக்கினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பிடுங்கியபோது டெக்கின் மூடி ரத்தத்தில் வழுக்கியது.

தவசிமுத்துவுக்கு ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பியது. “எம்மவன் குடிச்சிட்டு வந்து அடிச்சான்” என்றார். ஜோயல் நடந்ததைச் சொன்னான். “கேசட்டு எங்க?” என்று போலீஸ் கேட்டது. நொறுங்கிய துண்டுகளைத் தவிர அவனிடம் காட்ட ஒன்றுமில்லை. கையில் தையலோடு அவனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். விரல்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்த பானுப்பிரியாவை இன்னும் யாரும் விசாரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பானுப்பிரியா ஆய்வகத்திலிருந்து பென் டிரைவோடு கேட்டுக்கு வந்தாள். வலது கை முழுக்கக் கட்டு. இடது கையால் அதைப் போனில் செருகினாள்.

“என்ன தாயி கையில?” என்றார் வேல்பாண்டி, தரையைப் பார்த்தபடி.

“அண்ணாச்சி, செத்த நேரம் இதக் கேளுங்க.” அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டார். படத்தைக் கழிக்கவில்லை அவள். பிடித்தது பிடித்தபடி இருந்தது. வெட்டுகளை விரல்விட்டு எண்ணினார். எத்தனை என்பது அவருக்கும் தெரியும். அன்று கொட்டகையில் முன்வரிசையில் இருந்தவர்தானே. பதினொன்று முடிந்தும் விரல் நிற்கவில்லை. பிறகு அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். ஹெட்போனைக் கழற்றினார்.

“எங்க கெடந்துச்சு இது?”

“தளவாய்புரத்துப் பரண்ல.”

“இம்புட்டு வருசமும்?”

“ஆமா.”

அவர் எழுந்து, தன் டம்ளரைத் தரையில் போட்டு மிதித்தார். தகடாகும்வரை மிதித்தார். லத்தியை எடுத்து மேஜையை அடித்தார். கண்ணாடி தெறித்தது. மேஜையின் கால் முறிந்தது. சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று யாரோ கத்தினார்கள். சைக்கிளும் பைக்குமாக ஆட்கள் விலகி ஓடப் பார்த்தார்கள்.

“ஓடுதானுவ பாரு, கொலகாரன்னு!” மூச்சு வாங்க நின்றார். “சத்தமா வை தாயி.”

அவள் ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள். போனைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

“எல்லாரும் நில்லுங்க,” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. “நில்லுங்க!” என்று அலறினாள்.

நின்றார்கள். போனில் முதல் வெட்டு விழுந்தது.