உதட்டைப் பார்த்துக் கேட்கிறவர்கள்

திருத்தணி ரயிலடித் தெருவில், மாடியில் இருக்கும் காது பரிசோதனை மையத்தில் டில்லிபாபுவின் தறி ஷெட் ஆட்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தம்தான் இல்லை. வாய் மட்டும் அசைந்தது. இந்தக் கோடியிலிருந்து பங்காரு என்னவோ கேட்க, அந்தக் கோடியில் திலீப் உதட்டைச் சுழித்துப் பதில் சொன்னான். நடுவில் இருந்தவர்கள் தோள் குலுங்கச் சிரித்தார்கள். பெயர் கேட்டுக்கொள்ளும் பெண், மலைக்குப் போகிறவர்கள் ஏதோ மௌன விரதம் போலிருக்கிறது என்று நினைத்து ஃபேனைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு உள்ளே போனாள்.

பொதட்டூர்பேட்டையில் இதை யாரும் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள். விசைத்தறி ஓடுகிற இடத்தில் குரலை நம்பி யார் பேசுவது? ஷெட்டுக்குள் வந்த கொஞ்ச நாளில் உதட்டைப் பார்த்துக் கேட்கப் பழகிவிடுவார்கள். அதனால்தான் அந்த ஊர்க் கல்யாணப் பந்திகளில் எதிர்வரிசையில் யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது ஒருநாளும் ரகசியமாக இருந்தது கிடையாது.

மணவாளன் மட்டும் எந்தப் பேச்சிலும் கலந்துகொள்ளவில்லை. துண்டின் முனையை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தான். தலைமுடி காதை மூடிக் கழுத்து வரை தொங்கியது. முருகனுக்கு வேண்டுதல் என்று ஊருக்குச் சொல்லியிருந்தான். மலைப்படி பக்கமே போகாதவனுக்குத் திடீரென்று என்ன பக்தி என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. அதே சமயத்தில்தான் அவன் பெண்டாட்டி கோமளவல்லியின் தோடு பாலிஷ் போடப் போனது. போனது திரும்பவில்லை. அவள் காதிலிருந்து கழன்றது அவன் காதில் மிஷினாக ஏறி முடிக்குள் ஒளிந்திருந்தது.

கோமளவல்லி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது கை கட்டுப் போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. அந்தக் கையால்தான் இத்தனை பேரும் இங்கே வந்திருந்தார்கள்.

அவள் அதே ஷெட்டில் தறிக்குத் தார்க் குச்சியில் நூல் சுற்றுகிறவள். பத்து நாள் முன்னால் சேலைத் தலைப்பு மிஷின் பெல்ட்டில் சிக்கி அவளை இழுத்தது. கத்தினாள். நாலடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு மணவாளன் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தான். எதிரில் நின்ற பங்காரு கண்ணால் பார்த்துவிட்டு ஓடிப்போய் மெயினை அணைத்தாள். தறிகள் நின்றன. மணவாளன் கரண்ட் போய்விட்டது என்று தலையைத் தூக்கி பல்பைப் பார்த்தான். அதற்கப்புறம்தான் திரும்பினான்.

மறுநாள் டில்லிபாபு ஷெட் வாசலில் நின்று சொன்னார்: "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். காது சரியில்லாத ஆள தறியில வுட்டு, நாளைக்கு ஒரு உசுரு போனா ஆரு பதில் சொல்றது? எல்லாரையும் டெஸ்ட்டுக்கு இட்டுகினு போறேன். செலவு என்னுது." பெல்ட்டுக்கு மூடி போடச் சொல்லி பங்காரு கேட்டு வருஷம் தாண்டிவிட்டது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

காது சரியில்லாத ஆள் என்றால் என்ன ஆவான் என்பது ஷெட்டுக்குத் தெரியும். போன வருஷம் வரை மணவாளனுக்குப் பக்கத்துத் தறியில் நின்ற சின்னசாமி இப்போது மலையடிவாரத்தில் பக்தர்களின் செருப்புக்குக் காவல் இருக்கிறான். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவனைப் பார்த்தார்கள். அவன் கையை ஆட்டினான். யாரும் பதிலுக்கு ஆட்டவில்லை.

"மணவாளன்," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். கோமளவல்லி அவன் தொடையைத் தட்டிவிட்டுத் தானும் கூட எழுந்தாள். வாசலில் டில்லிபாபு செல்போனை மூடிக்கொண்டு, "இன்னாடா, மொட்ட எப்போ போடறே? ஆடிக் கிருத்திகையா?" என்றார். மணவாளன் அவர் வாயைப் பார்த்துவிட்டு, "ஆங் மொதலாளி," என்றான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

கதவைச் சாத்தியதும் தேவிப்பிரியா சிரித்தாள். காது பரிசோதிக்கிற பெண்; சென்னையிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். "வாங்கண்ணா. மழை எப்டி இருக்கு?"

"நல்லா இருக்குதும்மா. அங்க மொதலாளி நிக்கறாரு. இங்க நான் வந்துகினு இருக்கறது அவருக்குத் தெரியாது."

"நான் சொல்ல மாட்டேன். உக்காருங்க."

தறி நின்ற பிறகும் அவன் காதுக்குள் ஒரு தறி நிற்காமல் ஓடியது. சாப்பிடும்போது ஓடியது. படுத்தால் இன்னும் வேகமாக ஓடியது. தூக்கம் இல்லாமல் ஒருநாள் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டவனைக் கோமளவல்லிதான் இங்கே இழுத்து வந்தாள். தேவிப்பிரியா மிஷினில் மழை மாதிரி ஒரு சத்தத்தை வைத்துக் கொடுத்தாள். தறிச் சத்தம் அதற்கு அடியில் கொஞ்சம் அமுங்கியது. ஒவ்வொரு தடவை வரும்போதும் எதிரில் உட்கார்ந்து வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவன் திருப்பிச் சொல்வான். ஒன்றுகூடத் தப்பாது. "பேச்சு நல்லா புரியுதே. அப்போ மழைய இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்," என்பாள். ஏற ஏற அவனுக்குத் தூக்கம் வந்தது. தூங்கி எழுந்தவன் முகத்தைப் பார்த்துக் கோமளவல்லி தோட்டை மறந்தாள்.

இன்றைக்கும் ஆரம்பித்தாள். "குடம்."

"கொடம்."

"சேவல்."

"சேவலு."

"பம்பரம்."

"பம்பரம்."

"மேடம்," என்றாள் கோமளவல்லி. தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது வரை சொல்லிவிடுகிற வாய் அது. பத்து நாளாக ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது. "வாய மூடிகினு சொல்லுங்க மேடம்."

"என்ன?"

மணவாளன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். சத்தமில்லாமல் அவன் உதடு அசைந்தது. அவள் உதடும் அசைந்தது. அவன் தலையை ஆட்டினான். அவள் கட்டுப் போட்ட கையைக் காட்டினாள். தேவிப்பிரியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீல மாஸ்க்கை எடுத்து மூக்கு வரை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

அவள் கண் மட்டும் தெரிந்தது. மாஸ்க் லேசாக உப்பி அடங்கியது. ஏதோ சொல்லிவிட்டாள் என்று தெரிந்தது.

"கதவு," என்றான். மறுபடி மாஸ்க் அசைந்தது. "மாடு." மறுபடி. அவன் கோமளவல்லியைப் பார்த்தான். அவள் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி மாஸ்க் அசைந்தது. "மழதான்மா கேக்குது," என்றான்.

தேவிப்பிரியா மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். முகம் சிவந்திருந்தது. "இத்தனை நாளும் இப்டித்தானா? ஏண்ணா சொல்லல?"

"எங்களுக்கு அப்டித்தான் கேக்கத் தெரியும்மா. தப்புன்னு தெரியாது. அப்பறம் தெரிஞ்சுது. அப்போ நல்லா தூங்கிகினு இருந்தேன்."

கோமளவல்லி சொன்னாள்: "கத்துனேன் மேடம். இந்த ஆளு பல்பப் பாத்துகினு நிக்கறாரு. அடுத்த வாட்டி கையோட போவுமா? கழுத்துல சுத்துனா?"

தேவிப்பிரியா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி மழையைக் குறைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக. பேச்சு வருகிற பக்கத்தைக் கூட்டினாள். மணவாளன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். மழை மெலிய மெலிய, அதற்கு அடியிலிருந்து தறி மேலே வந்தது. முதலில் தூரத்தில். பிறகு பக்கத்துத் தெருவில். பிறகு தலைக்குள்ளேயே.

கோமளவல்லி எழுந்து அவன் முதுகுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "பாவா," என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

அவன் திரும்பினான்.

அவள் அப்படியே சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "வந்துடுச்சா அது?"

"ஆங். ஓடுது."

"இப்போதைக்கு இவ்ளோதாண்ணா," என்றாள் தேவிப்பிரியா. "பேச்சும் கேக்கணும், இரைச்சலும் அடங்கணும்னா நடுவுல ஒரு எடம் பாத்துப் பாத்துத்தான் வைக்கணும். காதடைப்பு இல்லாம ஷெட்டுக்குள்ள போனீங்கன்னா இதுவும் நிக்காது. மிஷினோட நல்லா கேக்குதுன்னு உங்க முதலாளிகிட்ட சொல்றேன். அது பொய்யில்லையே."

"மிஷின்னு வாயத் தொறந்தாலே போதும்மா. சின்னசாமி பக்கத்துல எனக்கும் ஒரு சாக்கு விரிச்சிருவாங்க."

 தேவிப்பிரியா எழுந்து கோமளவல்லியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை சொன்னீங்கக்கா. நீங்க சொல்லலன்னா வெளிய இருக்கற அத்தன பேருக்கும் காது நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பியிருப்பேன்."

மாஸ்க்கை மறுபடி மேலே இழுத்துக்கொண்டாள்.

கோமளவல்லிக்கு அது புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. "மேடம், இருங்க. அவங்களுக்கு வேணாம் மேடம். மேடம்."

தேவிப்பிரியா அதற்குள் கதவைத் திறந்துவிட்டிருந்தாள்.

வரிசையில் பேச்சு நின்றது. எல்லோரும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்கள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. கதவோரம் டில்லிபாபு செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி நின்றார்.

"பங்காரு," என்றாள் தேவிப்பிரியா.

பங்காரு மரியாதையாக அந்த நீலத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பங்காரு யாரு? சரி, திலீப் வாங்க."

திலீப் புன்னகை செய்தான். பக்கத்திலிருந்தவனும் செய்தான். டில்லிபாபுவின் கண் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகப் போயிற்று.

கோமளவல்லி தேவிப்பிரியாவின் தோளுக்குப் பின்னால் எக்கி நின்று, சத்தமில்லாமல், வாயை அகலத் திறந்து திறந்து பங்காருவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் மாஸ்க்கின் மேல் இருந்தது.

"பங்காரு," என்றாள் தேவிப்பிரியா மூன்றாம் தடவை.

தறி ஓட்டுகிறவர்களில் மணவாளனுக்கு மட்டும் கேட்டது.