விற்க மனமில்லாதவரின் வண்டி

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவனுக்கு நாற்பத்தாறு வயதில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் ஆசை வந்தது. வந்தது என்பதுகூடச் சரியில்லை. பல வருடமாக நெஞ்சுக்குள் கிடந்ததை, மகள் வேலைக்குப் போன பிறகுதான் வாய்விட்டுச் சொன்னான். இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக்கூரை. கையில் இருந்த பணமோ, அப்படி ஒரு வண்டியைப் பற்றிப் பேசவே கூச்சப்பட வேண்டிய தொகை.

டாக்சி ஓட்டும் மச்சினனைக் கூட்டிக்கொண்டு மூன்று வண்டிகள் பார்த்தான். விற்க வந்தவர்கள் மூன்று பேரும் தேனாகப் பேசினார்கள். முதல் ஆள், "புதுசு மாதிரி வச்சிருக்கேன் சார்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான். மச்சினன் கால்மிதியைத் தூக்கினால் ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. இரண்டாவது வண்டியில் மீட்டர் ஓடிய தூரத்தைக் குறைவாகக் காட்டியது, பிரேக் பெடலின் ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்திருந்தது. மூன்றாவது கிளம்பவே இல்லை. "காலைல கூட ஓடுச்சே" என்று அதன் உரிமையாளர் வண்டியைவிட அதிகமாக ஆச்சரியப்பட்டார்.

நாலாவது விளம்பரத்தை மச்சினன் போனில் காட்டியபோது அவன் போனைப் பிடுங்கிப் பார்த்தான். சிவப்பு நிறம், இருபத்தாறு வயது. அவன் குடியிருக்கும் கட்டடத்தின் கார் நிறுத்தத்திலேயே, தூணுக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டி. மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வு பெற்ற கப்பல் இன்ஜினியருடையது.

கப்பல்காரருக்கும் இவனுக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த வண்டி தினமும் விடியும்போது உறுமுகிறது என்று குடியிருப்போர் சங்கத்துக்கு இவன் ஒரு புகார்க் கடிதம் எழுதிப்போட்டதில் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடிதான் போவார்கள்.

"நான் போய் நின்னா விரட்டி விட்டுடுவாரு. நீ போ. என் பேச்சையே எடுக்காத" என்று மச்சினனை அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாடி ஜன்னலில் நின்று கவனித்தான். மனைவியும் வந்து பக்கத்தில் நின்றாள்.

நன்றாகத்தான் போயிற்று. கப்பல்காரர் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஊன்றுகோலோடு நடந்தார். அந்தத் தாழ்ந்த வண்டிக்குள் அவரால் இனி குனிந்து ஏற முடியாது. மகள்தான் பிடிவாதமாக விளம்பரம் கொடுத்திருந்தாள். விலையும் படிந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் மச்சினன், "எதுக்கும் எங்க அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று சொல்லி, பழக்க தோஷத்தில் முதல் மாடியை அண்ணாந்து பார்த்தான். கப்பல்காரரும் அண்ணாந்து பார்த்தார்.

"ஓ! ஆள் அனுப்பி வாங்குற தொரை நீதானா? எறங்கி வாய்யா கீழ!"

இறங்கிப் போனான். மனைவியும் பின்னாலேயே வந்தாள்.

"உனக்கு இந்த வண்டி எதுக்கு? சத்தம் ஆகாதே உனக்கு!"

"எனக்கு வேணும். விலை போட்டிருக்கீங்க, தர்றேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? கேட்டுக்கோ. ரெண்டாவது கியர் கத்தும். இடது கதவுல மழை உள்ள வரும். ரேடியேட்டர் மூணு தடவை ஒட்டினது. பின்பக்கம் அடியில துரு, மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கேன், நானே அடிச்சேன்! மூக்குல மடங்கிக் கிடக்குற விளக்குல வலதுபக்கம் பாதிதான் எழும்பும். கிளட்ச் இன்னும் ரெண்டு மாசம் தாங்கினா பெருசு. போதுமா? வாங்கி அழப்போறியா?"

கேட்கக் கேட்க இவனுக்குள் ஏதோ நிதானமாயிற்று. மூன்று பேர் சிரித்துக்கொண்டே மறைத்ததை, இந்த மனுஷர் கரித்துக்கொட்டிக்கொண்டே ஒன்று விடாமல் சொல்கிறார். சட்டைப் பையிலிருந்து கடைச் சீட்டு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் வரிசையாக எழுத ஆரம்பித்தான். அதைப் பார்த்ததும் கிழவருக்கு மூக்கு விடைத்தது.

"எழுதுறியா? எழுது, எழுது. எழுதுறதுல நீ கெட்டிக்காரன்தான். பொண்டாட்டி இதய நோயாளி, சத்தம் கேட்டா உயிருக்கே ஆபத்துன்னு எழுதினவன்தானே! பாவமேன்னு ஒரு வருஷம் வண்டிய வாசல் வரைக்கும் கையால தள்ளிட்டுப் போயிருக்கேன்யா. அப்புறம் பாத்தா இந்தம்மா நாலு படிய ஒரே தாவா தாவிட்டுப் போறாங்க!"

அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று மனைவிக்கு இதுவரை தெரியாது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சீட்டைப் பார்த்தான்.

"நீங்களே சொன்ன கோளாறையெல்லாம் கழிச்சா, போட்ட விலை அதிகம்" என்றான்.

"கழிப்பியா? உனக்கு இன்னும் ஏத்தித்தான் கொடுப்பேன்!"

மருந்துப் பையோடு வந்து நின்ற கப்பல்காரரின் மகள் இடையில் புகுந்தாள். "அப்பா, விளம்பரத்துல இதுல ஒண்ணுகூட நீங்க போடச் சொல்லலையே. அவர் கேக்கறதுல என்ன தப்பு? கொடுத்துடுங்க. எனக்கு இதோட மல்லுக்கட்ட முடியல."

கேட்ட விலைக்கே முடிந்தது, ஆனால் கப்பல்காரர் வீசிய சாவி இவன் கைக்கு வரவில்லை. வண்டியின் மூக்கின் மேல் விழுந்து, சறுக்கித் தரைக்குப் போயிற்று. குனிந்து பொறுக்கிக்கொண்டான். மனைவி ஏற்கெனவே படியேறிப் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை நாள் பார்த்தார். "இதுல எழுதினதுக்கு மேல ஒண்ணுமே இல்லையே. யாரு எழுதினது? இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. இப்படி விக்கிறவனை நான் பார்த்ததே இல்ல" என்றார்.

அது இவனைத் தின்றது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் மாடிக்கு ஏறி மணியை அடித்தான். மகள் கதவைத் திறந்தாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல்.

"கீழ் வீட்டுக்காரர்ப்பா."

"நான் இல்லைன்னு சொல்லு."

இவன் வாசலில் நின்றபடியே உரக்கச் சொன்னான். "அந்தக் கடுதாசில நான் எழுதினது பொய்தான். தப்புதான். மன்னிச்சுக்குங்க."

உள்ளே ஊன்றுகோல் தரையில் தட்டியது. பிறகு, "அதுக்கு ஒன்பது வருஷமாச்சா? கதவைச் சாத்தும்மா" என்றது குரல். மகள் தயங்கிவிட்டுச் சாத்தினாள்.

திரும்பினால், இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவன் மனைவி காய்கறிப் பையோடு நின்றிருந்தாள். முதல் மாடியோடு நிற்காமல் ஏறி வந்து, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அவர்கிட்ட சொல்லியாச்சு" என்றாள். "நோயாளி ஆக்கினது என்னைத்தானே. என்கிட்ட?"

வாயைத் திறந்தான். அதற்குள் அவள் இறங்கிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவன் கூரையை மடக்கி வைத்துவிட்டு வண்டியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். முதல் மாடி ஜன்னல் திறக்கவில்லை. கடைசியில் தனியாகவே ஓட்டிக்கொண்டு போனான்.