பதினாறு, மறுபடியும்

எங்கள் ஊர்க் கப்பல் கட்டும் தளத்தின் வரைபட அறையில் பதினேழு என்ற எண்ணை யாரும் எழுதியதில்லை. தெற்கு இத்தாலியில், எங்கள் கஸ்தெல்லம்மாரேயில் பிறந்தவன் எவனும் எழுத மாட்டான். பதினேழு என்றால் சாவு, அவ்வளவுதான். கப்பலின் விலாக்களுக்கு, அதாவது அதன் உடலைத் தாங்கும் வளைந்த இரும்புச் சட்டங்களுக்கு, வரிசையாக எண் போடும்போது பதினாறுக்கு அடுத்து பதினெட்டு என்று போட்டுவிட்டு, கெட்டது அண்டாமலிருக்கப் பக்கத்தில் இருக்கிற இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள்வோம். கப்பல் தளத்தில் இரும்புக்கா பஞ்சம்?

1907இல், புதுப் போர்க்கப்பல் ஒன்றை வடிவமைக்க வடக்கே தொரினோவிலிருந்து வெர்ச்செல்லோத்தி என்றொரு தலைமைப் பொறியாளர் வந்து சேர்ந்தார். சிரிக்கத் தெரியாத மனிதர். எண்ணெய் இருக்கும்போது வெண்ணெயில் சமைத்துத் தின்கிறவர்களிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? அவருக்கு ரோமிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம். பீரங்கி பெரிதாக வேண்டுமாம், கவசம் தடிமனாக வேண்டுமாம், மணிக்கு இருபத்திரண்டு கடல்மைல் ஓட வேண்டுமாம், ஆனால் எடை மட்டும் ஏறக்கூடாதாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அந்த எரிச்சலையெல்லாம் அவர் எங்கள் தலையில் கொட்டினார்.

ஒரு நாள் காலை, நான் வரைந்த விலாப் படத்தைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"யோவ் அனியெல்லோ! பதினேழு எங்கய்யா?"

"அது... இங்க போடுற வழக்கம் இல்லீங்கய்யா."

"வழக்கமா? கடைசி நம்பர் நூத்திமூணுன்னு போட்டிருக்க. எண்ணிப் பார்த்தா விலா நூத்திரெண்டுதான் இருக்கு. ஒரு விலாவை நான் முழுங்கிட்டேன்னு ரோம்ல சொல்லவா? பதினேழு வெறும் நம்பர்யா! சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா லா மதலேனா தீவுக்கு மாத்திடுவேன். அங்க போய் ஆட்டுக்குப் படம் வரைஞ்சு குடு."

மதிய மணி அடித்ததும் மேஸ்திரி சபாத்தினோவிடம் ஓடினேன். தளத்தில் விலாக்களை நிறுத்துகிறவர் அவர்தான். அவருடைய மகள் நுன்சியாத்தாவைத்தான் எனக்கு நிச்சயம் பண்ணியிருந்தது. கப்பல் கடலில் ஓடிக் காட்டியதும் கல்யாணம்.

"மாமா, பெரியவரு பதினேழு போடச் சொல்றாரு" என்றேன்.

மேஸ்திரி கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். "மாப்ள, பதினேழுன்னு எழுதின விலாவை என் ஆளுங்க தொட மாட்டாங்க. நானும் தொட மாட்டேன். அதை எழுதின கையில என் பொண்ணைப் புடிச்சுக் குடுக்கவும் மாட்டேன். சொல்லிப்புட்டேன்."

எழுதினால் பெண் இல்லை. எழுதாவிட்டால் தீவு, தீவுக்குப் போனாலும் பெண் இல்லை. அழுகையே வந்துவிட்டது. நுன்சியாத்தா மாதிரி ஒருத்தி எனக்கு இன்னொரு தடவை கிடைப்பாளா?

கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. அதை யோசனை என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்து, அதன் தலையில் 'பதினாறு, மறுபடியும்' என்று எழுதினேன். பெரியவர் பென்சிலால் ஒவ்வொன்றாகக் குத்தி எண்ணினார். கடைசி நம்பர் நூற்றுமூன்று. விலாவும் நூற்றுமூன்று. "இப்பதான்யா ஒழுங்கு!" என்று கையெழுத்துப் போட்டார். 'மறுபடியும்' என்பதைப் படிக்கவே இல்லை. மேஸ்திரி படித்தார். "பதினாறை ரெண்டு தடவை நிறுத்தச் சொல்றாங்க, நல்ல நம்பர்தான்" என்று ஒரே மாதிரி இரண்டு விலாக்களை நிறுத்திவிட்டார்.

காணாமல் போயிருந்தது எண் மட்டும்தான், விலா அல்ல. இது எங்கள் மூன்று பேரின் மண்டையிலும் ஏறவில்லை.

மறு வருஷம் வசந்தத்தில், தளத்துக்குப் பின்னால் மக்ரோனி காயப்போடும் ரக்கேலே அம்மாள் கையில் மாவோடு அறைக்குள் புகுந்தாள்.

"உங்க கப்பல் என் சுவத்தைத் தாண்டி உள்ள வந்து நிக்குது! நான் மக்ரோனிய எங்க காயப்போடுறது, உங்க தலையிலயா?"

"அம்மா, கப்பல் என்ன பூசணிக்காயா வளர்றதுக்கு?" என்றார் பெரியவர். "எங்க கணக்கு தப்பாது."

"வந்து பாருய்யா!"

போய்ப் பார்த்தோம். கப்பலின் மூக்கு சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதில் கொடி கட்டி மக்ரோனியே காயப்போட்டிருந்தாள். பெரியவர் நாடா பிடித்து அளந்தார். ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் அதிகம். சரியாக ஒரு விலாவின் இடைவெளி. அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"லா மதலேனா!" என்று கத்தியபடி படத்தைப் பிரித்தார். அடியில் அவருடைய கையெழுத்து கொட்டை எழுத்தில் இருந்தது. கத்தல் பாதியில் நின்றது.

"கப்பல் இருபத்திரண்டு ஓடிட்டா ஒருத்தனும் அளக்க மாட்டான்" என்றார் தணிந்த குரலில். "குறைஞ்சுதோ, நீயும் நானும் ஒரே படகுல தீவுக்குப் போறோம்."

வெள்ளோட்டம் வரைக்கும் இரண்டு வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாமாவிடம் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நுன்சியாத்தா தைத்து வைத்த கல்யாண உடையை இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள்.

வெள்ளோட்டத்தன்று ரோமிலிருந்து வந்த அதிகாரிகளோடு நானும் கப்பலில் நின்றேன். ஓரத்து இரும்புக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அளந்து வந்து சொன்னார்கள், இருபத்திரண்டரை! நீண்ட கப்பல் தண்ணீரை லேசாகக் கிழிக்கும், அதுதான் விஷயம்.

"எப்படிச் சாதிச்சீங்க?" என்று அதிகாரிகள் பெரியவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நுட்பமான கணக்கு" என்றார் அவர், கூசாமல். அடுத்த மாதம் அவர் சட்டையில் பதக்கம் தொங்கியது.

இரண்டாவது கப்பலுக்கு உத்தரவு வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பதினாறு... அதை மறுபடியும் போட்டுடு."

"ஒண்ணு போதுமாய்யா?"

ஜன்னலை எட்டிப் பார்த்தார். "ரெண்டாப் போடு. அந்த மக்ரோனி அம்மாகிட்ட இப்பவே சொல்லி வச்சிடு."

இதுதான் சமயம் என்று கல்யாணத்துக்கு லீவு கேட்டேன். "ரெண்டு நாள் விருந்துங்கய்யா. பதினாறாம் தேதி கல்யாணம், மறுநாள் பதினே..."

"வாயை மூடு!" என்று மேஜையின் இரும்புக் காலைப் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "நல்ல காரியம் பேசும்போது அந்த எழவை ஏன்யா இழுக்கற?"

"வெறும் நம்பர்தானேய்யா?"

பிடித்த இரும்புக் காலை அவர் விடவில்லை. லீவுச் சீட்டைத் தன் கையாலேயே நிரப்பிக் கொடுத்தார். அழகான எழுத்தில் இரண்டு தேதிகள் இருந்தன, பதினாறு என்று ஒன்றும், அதற்குக் கீழே 'பதினாறு, மறுபடியும்' என்று இன்னொன்றும்.

இரண்டு பதினாறுக்கும் வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.