செக்குமாட்டுக் கிண்ணம்

ஹனோக் வந்திருக்கிறான் என்ற சேதியை ஷெகுலாதான் முதலில் கொண்டுவந்தாள். மில்கா அப்போது கொல்லையில் பாக்கு உலர்த்திக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள்.

"அலிபாக் பஸ்ஸுலேர்ந்து இறங்குனான்டி. தலையில பாதி முடி இல்ல. வயிறு அவனுக்கு முன்னாடியே இறங்கிருச்சு" என்றாள் ஷெகுலா. மில்காவின் பெரியப்பா மகள். நாக்கில் எப்போதும் ஒரு கத்தி வைத்திருப்பவள்.

மில்கா நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த பாக்கை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள்.

"எதுக்கு வந்திருக்கான்னு கேளேன்."

"எதுக்கு?"

"கிண்ணத்துக்கு! பொண்ணுக்குக் கல்யாணமாம். இறங்குன இடத்துலயே ஜெப ஆலயத்துப் பெரியவர்கிட்ட சொல்லிட்டான். இங்க பாரு மில்கா, குடுத்தேன்னா உன்னை மாதிரி ஒரு பைத்தியம் இந்தக் கொங்கணக் கரையிலயே இல்ல. கெதூராபாய் அதை உன் மடியில வெச்சுட்டுப் போனா. அவன் மடியில இல்ல."

"பாக்குல காக்கா உக்காருது பாரு, ஓட்டு" என்று சொல்லிவிட்டு மில்கா உள்ளே போனாள்.

அவளுக்கும் ஹனோக்குக்கும் நிச்சயம் ஆனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவன் தாய் கெதூராபாய் தன் கையால் மில்காவின் வாயில் சர்க்கரை போட்டாள். தெருவே கூடி நின்று கைதட்டியது. அந்த வருஷம்தான் அவர்கள் ஊரான ரேவ்தண்டாவிலிருந்து யூத இளைஞர்கள் ஒவ்வொருவராக இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறத் தொடங்கினார்கள். ஹனோக்கும் பெயர் கொடுத்தான். கல்யாணத்தை முடித்துவிட்டு இருவரும் சேர்ந்தே போவதாக ஏற்பாடு. அதற்குள் மில்காவின் அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவருக்கு வேறு பிள்ளை இல்லை. "நீ முன்னாடி போ, நான் வரேன்" என்று மில்கா சொன்னாள். வாயும் கோணி, எழுந்து உட்காரவும் முடியாமல், அப்பா ஒன்பது வருஷம் உயிரோடிருந்தார்.

ஹனோக் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. அவனுக்கு அங்கே பீர்ஷெபா ஊரில் பன்வேல்காரப் பெண் ஒருத்தியோடு கல்யாணம் ஆன செய்தியை கெதூராபாய்தான் வந்து சொன்னாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"வேற எவளாவது சொல்லி நீ கேக்க வேணாம்னு நானே வந்தேன். அவன் யாரை வேணும்னாலும் கட்டிக்கட்டும். நான் சர்க்கரை போட்டது உன் வாயிலதான். எனக்கு மருமக நீதான்."

மகன் கூப்பிட்டும் கெதூராபாய் அந்த நாட்டுக்குப் போகவில்லை. மகன் கல்யாணத்துக்குக் குடும்பத்து வெள்ளிக் கிண்ணத்தையும் அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் மில்கா அவள் வீட்டுக்குப் போவாள். இருவரும் கிண்ணத்தைப் புளி போட்டுத் துலக்குவார்கள். உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து சர்பத் எடுப்பார்கள். துலக்கும்போது கெதூராபாய் கிண்ணத்தின் கதைகளைச் சொல்வாள். ஒரே கதையை எத்தனை தடவை சொன்னாலும் அதே இடத்தில் சிரிப்பாள். மில்காவும் அதே இடத்தில் சிரிப்பாள். கடைசி நாளில் பேச்சு நின்றுபோன பிறகு, கிண்ணத்தை எடுத்து வரச் சொல்லிச் சைகை காட்டி, அதை மில்காவின் மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

அப்பாவும் போய், கெதூராபாயும் போன பிறகு மில்கா எங்கும் போயிருக்கலாம். போகவில்லை. ஓய்வுநாள் பிறக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் விளக்கேற்றி, சர்பத் நிறைத்த கிண்ணத்தை மேஜையின் எதிர்ப்பக்கத்தில் வைப்பாள். அதைக் கையிலெடுத்து ஆசி சொல்ல வீட்டில் ஆண் குரல் இல்லை. தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையைத் தானே முணுமுணுத்துவிட்டுச் சாப்பிட உட்காருவாள்.

நாலு மணி வாக்கில் ஹனோக் வந்தான். வாசல் நிலையில் பதித்திருந்த, வேத வரிகள் அடங்கிய மெசூசாச் சிமிழைத் தொட்டு விரலை முத்தமிட்டான். அந்தப் பழக்கம் போகவில்லை. ஷெகுலா சொன்னது சரிதான், வயிறுதான் முன்னால் வந்தது. ஆனால் வாசலில் நுழையும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வது மட்டும் அப்படியே இருந்தது. மில்காவின் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"வாங்க" என்றாள்.

"எப்போலேர்ந்து என்னை 'வாங்க'ன்னு கூப்பிட ஆரம்பிச்சே?"

"வயசாயிருச்சில்ல. உக்காருங்க. சாப்பிட்டீங்களா?"

தேங்காய்ப்பாலும் கோகம் புளியும் போட்ட மீன் குழம்பும் சோறும் வைத்தாள். முதல் கவளத்திலேயே அவன் நிறுத்திவிட்டான்.

"ஆயி வெக்கற மாதிரியே இருக்கு."

"ஆயிகிட்டதானே கத்துக்கிட்டேன்."

அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். பிறகு எதையெதையோ பேசினான். பீர்ஷெபாவின் மணல், தொழிற்சாலை, மனைவி ரூபியின் முட்டிவலி, தேங்காய் ஒன்று வாங்க எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பது. வந்த விஷயத்துக்கு மட்டும் வரவில்லை. மில்காதான் கேட்டாள்.

"பொண்ணுக்குக் கல்யாணமாமே?"

"ஓர்னாவுக்கு. பையன் நல்ல பையன். அவன் அம்மாதான்..." ஹனோக் தட்டைத் தள்ளிவைத்தான். "போலந்துக்காரங்க. முதல் நாளே கேட்டுட்டா, 'இந்தியாலகூட யூதர்கள் இருந்தாங்களா? எப்போலேர்ந்து?'ன்னு. என்னமோ நாங்க போன வாரம் சேந்துக்கிட்ட மாதிரி. அவங்க வீட்டு அலமாரியில வெள்ளி விளக்குத்தண்டு இருக்கு, கொள்ளுத்தாத்தா பேரு வெட்டுனது. உலக யுத்தத்துல எல்லாம் போயி அது ஒண்ணுதான் மிஞ்சுச்சாம். எங்க வீட்ல என்ன இருக்கு? ரூபி வாங்குன பிளாஸ்டிக் பூ. எனக்கு ரோஷம் வந்துருச்சு. எங்க குடும்பத்துலயும் ஒரு கிண்ணம் இருக்குன்னு சொல்லிட்டேன். ஜெருசலேமிலேர்ந்து கப்பல்ல வந்ததுன்னு."

மில்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். முடியவில்லை.

"எங்கேர்ந்து? ஜெருசலேமிலேர்ந்தா? ஆயி கேட்டிருந்தா அகப்பையாலயே போட்டிருப்பாங்க!"

"பின்ன எங்கேர்ந்து வந்துச்சு?"

"நெஜமாவே தெரியாதா? உங்க வீட்ல அதுக்கு என்ன பேரு?"

"மாடு. வெள்ளிக்கிழமையானா, 'மாட்டைக் கழுவிட்டியா'ன்னு ஆயி கத்துவா. ஏன் மாடுன்னு நான் கேட்டதே இல்ல."

"கேட்டிருக்கணும்" என்றாள் மில்கா. சிரிப்பு அடங்கியிருந்தது. எழுந்துபோய் அலமாரியைத் திறந்து கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

"உங்க கொள்ளுத்தாத்தாவுக்கும் தாத்தா ஹஸாஜி. செக்கு ஆட்டுறவர். பேஷ்வா காலம். செக்குமாடு செத்துப்போச்சு. அவர் பொண்டாட்டி லாடுபாய் கால்ல கிடந்த வெள்ளித் தண்டையைக் கழட்டிக் குடுத்து, பன்வேல் சந்தைக்குப் போயி ஒரு மாடு பிடிச்சுட்டு வாய்யான்னு அனுப்புனா. போற வழியில படகுத்துறையில கொச்சியிலேர்ந்து வந்த ஒரு யூத வியாபாரி. அன்னைக்கு வெள்ளிக்கிழமை. அந்தாளு வெள்ளிக் கிண்ணத்துல திராட்சை ரசம் ஊத்தி, கையில தூக்கிப் பிடிச்சு ஜெபம் சொன்னாராம். நம்ம ஆளு அதுவரைக்கும் கொட்டாங்கச்சியிலதான் குடிச்சிருக்காரு. பாத்தாரு. மாட்டை மறந்துட்டாரு. நேரா ஒரு தட்டான்கிட்ட போயி தண்டையை உருக்கிக் கிண்ணமாக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு."

ஹனோக்கின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"'மாடு எங்கய்யா?'ன்னா லாடுபாய். 'இதான்'னு நீட்டுனாரு. வாங்கி அவர் தலைக்கே வீசுனா. தலை தப்பிச்சுது, கிண்ணம் சுவத்துல பட்டுது. இந்த விளிம்புல நசுங்கியிருக்கு பாருங்க, அது அன்னைக்குப் பட்டது. மறுவாரம் அவளே நுகத்தடியில தோளைக் குடுத்துச் செக்கை இழுக்க ஆரம்பிச்சுட்டா. ஊரே வந்து வேடிக்கை பாக்குது. இவர் ஓடிவந்து, 'விடுடி, நான் இழுக்கறேன்'ங்கறாரு. அவ விடல. கடைசியில ரெண்டு பேரும் சேந்து இழுத்தாங்க. ஒரு வார்த்தை பேசல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவதான் திராட்சையைப் பிழிஞ்சு, இதுல நிறைச்சு, அவர் முன்னாடி வெச்சா. வெச்சுட்டு 'குடி, மாடே'ன்னா."

இந்த இடத்தில்தான் கெதூராபாய் சிரிப்பாள். ஹனோக்கும் சிரித்தான். தாயின் சிரிப்பு அப்படியே அவன் தொண்டையிலிருந்து வந்தது. பிறகு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இதை நான் அங்க எப்படிச் சொல்றது மில்கா? மாடு வாங்கப் போன எண்ணெய்க்காரன் கதைன்னா? அந்தப் பொம்பளை முன்னாடியா?"

"சொல்லாதீங்க. ஜெருசலேம்னே சொல்லிக்குங்க."

கடற்கரைப் பக்கமிருந்து மீன்காரிகள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள்.

"ஆயி இதை உன்கிட்ட குடுத்துட்டா" என்றான் ஹனோக். "உன்கிட்ட கேக்க எனக்கு வாய் கிடையாது. தெரிஞ்சுதான் வந்தேன். இல்லன்னு சொன்னா சரின்னு போயிடுவேன்."

ஷெகுலா சொல்லிக்கொடுத்த பதில்கள் எல்லாம் மில்காவின் நாக்கில் தயாராக இருந்தன. ஆனால் வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. விளக்கேற்றும் நேரம்.

"அங்க உன் வீட்ல வெள்ளிக்கிழமை யாரு ஜெபம் சொல்றா?" என்று கேட்டாள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான்தான்."

"இன்னைக்கு இங்க சொல்லு."

கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்க, திரி போட்டு விளக்கேற்றினாள். கையால் முகத்தை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். சர்பத்தைக் கிண்ணத்தில் விளிம்பு வரை ஊற்றினாள். ஹனோக் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்தான். கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தினான். ரேவ்தண்டா ஜெப ஆலயத்தில் சிறுவயதில் கற்ற அதே பழைய ராகத்தில், இழுத்து, நிதானமாகச் சொன்னான். அந்த வீட்டுச் சுவர்கள் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஓர் ஆணின் ஜெபக் குரலைக் கேட்டன. மில்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் ஒரு மிடறு குடித்தான். பிறகு, புருஷன் குடித்துவிட்டு வீட்டுக்காரிக்கு நீட்டுவதுபோல, கிண்ணத்தை அவளிடம் நீட்டினான். யோசித்துச் செய்ததில்லை, கை பழகிய பழக்கம். நீட்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் சிவந்தது. கையை இழுத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

மில்கா வாங்கினாள். அவன் உதடு பட்ட இடத்தைத் திருப்பாமல், அங்கேயே வாய் வைத்துக் குடித்தாள். முழுவதையும் குடித்து முடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்க" என்றாள்.

சனிக்கிழமை முழுவதும் அவன் ஜெப ஆலயத்துப் பெரியவர் வீட்டிலேயே இருந்தான். ஞாயிறு காலை பஸ்ஸுக்கு முன்னால் வந்தான். மில்கா கிண்ணத்தைத் துலக்கி, துணியில் சுற்றி வைத்திருந்தாள். தன் பெயரையும் அந்தக் கதையோடு சேர்த்துக்கொள் என்று சொல்ல அவளுக்கு ஆசை இருந்தது. கொடுக்கும்போது, "பஸ்ல மடியிலயே வெச்சுக்க, மேல வெக்காத" என்று மட்டும்தான் வந்தது.

ஷெகுலா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

மழை முடிந்ததும் ஷெகுலா லோத் ஊரிலிருக்கும் தங்கையைப் பார்க்க இஸ்ரேல் போனாள். ஓர்னாவின் கல்யாணத்துக்கும் போயிருந்தாள். திரும்பி வந்த அன்றே, பெட்டியைக்கூடத் திறக்காமல் மில்காவிடம் வந்தாள். மில்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெருசலேம்னுதான்டி ஆரம்பிச்சான் உன் ஆளு. கப்பல், புயல், எல்லாம் சொன்னான். மாப்பிள்ளையோட அம்மா, ஒல்லிக்குச்சி, கண்ணாடி போட்டவ, கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'இது ஏன் நசுங்கியிருக்கு?'ன்னு கேட்டா. இவன் முழிக்கிறான். அப்புறம் என்ன தோணுச்சோ, மாட்டுக் கதையை ஆரம்பிச்சுட்டான். ரூபிக்கு மூஞ்சி செத்துப்போச்சு. ஆனா அந்தம்மா இருக்காளே, சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டா. 'என் வீட்டுக்காரரும் இப்படித்தான் இருந்தாரு, ரொட்டி வாங்க அனுப்புனா புஸ்தகம் வாங்கிட்டு வருவாரு'ன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் அழுதா. அதுக்கப்புறம் ரெண்டு வீடும் ஒரே பேச்சுதான்."

"நல்லாருக்கட்டும்."

"கேளு. அந்தப் பொண்ணு ஓர்னா கேட்டா, 'பாட்டிக்கு அப்புறம் இது யார்கிட்ட இருந்துச்சு?'ன்னு."

முறம் நின்றது.

"அவர் என்ன சொன்னாரு?"

"வாயைத் தொறந்தான். ரூபி பக்கத்துலயே நிக்கறா. 'ரேவ்தண்டாவுல நம்ம சொந்தக்காரங்க ஒருத்தங்க'ன்னு முடிச்சுட்டான். எனக்கு வந்த கோவத்துக்கு எழுந்து உன் பேரைக் கத்தியிருப்பேன். தங்கச்சி கையைப் பிடிச்சு உக்கார வெச்சுட்டா."

மில்கா முறத்திலிருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொந்தக்காரங்கன்னா சொன்னாரு?"

"ஆமா. துரோகி."

"என்ன முறைன்னு யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க."

மில்கா முறத்தை ஓரமாக வைத்தாள். கையிலிருந்த தவிட்டைப் புடவையில் தட்டிக்கொண்டு, ஷெகுலாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பொண்ணு யாரு ஜாடை?"

"கெதூராபாய்தான். அதே மூக்கு. அதே வாய்த்துடுக்கு."

"கிண்ணத்தை யாரு நிறைச்சா?"

"பொண்ணேதான். ஏன்டி கேக்கறே?"

"சும்மாதான்" என்றாள் மில்கா. "நீ முதல்லேர்ந்து சொல்லு. அவசரப்படாம, ஒண்ணும் விடாம சொல்லு."