சத்தம் நின்ற காரணம்

மடிக்கணினியைக் கெடுத்தது நான்தான். ஃபர்ம்வேர் அப்டேட் தயார் என்று திரையில் வந்தது. சரி என்று அழுத்திவிட்டேன். அது முடிந்ததிலிருந்து உள்ளே இருக்கும் விசிறி ஓயாமல் இரைந்தது.

"மொட்டை மாடியில ஹெலிகாப்டர் எறங்குதா?" என்று அக்காவின் கணவர், என் அத்தான், சமையலறையிலிருந்து கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலை வகுப்பில் ஒலிப்புத்தகம் வாசிக்கப் பயில்கிறேன். தேர்வுக்கான வாசிப்பை அன்று ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். பதிவு செய்யும் மென்பொருள் இந்தக் கணினியில்தான் இருந்தது. பின்னணியில் இரைச்சல் இருந்தால் கேட்காமலேயே திருப்பிவிடுவேன் என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

பதறக் கூடாது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அணைத்துப் போட்டேன். இரைந்தது. திறந்திருந்தவற்றையெல்லாம் மூடினேன். இரைந்தது. அடியில் காற்றுப் போகட்டும் என்று இரண்டு புத்தகங்களின் மேல் தூக்கி வைத்தேன். கொஞ்சம் உயரத்திலிருந்து இரைந்தது. இதற்குள் அக்கா துணி தேய்க்க வந்துவிட்டாள். நான் திரை வெளிச்சத்தைக் குறைத்தேன். விசிறி அடங்கியது.

"நின்னுடுச்சில்ல? படிச்சு அனுப்புடி."

"ஏன் நின்னுச்சுன்னு தெரியணும்க்கா."

"தெரிஞ்சா என்ன பண்ணப்போற, மாலை போடப்போறியா?"

எனக்குச் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர் வைத்தவள் அவள்தான்.

வெளிச்சம்தான் காரணம் என்றால், கூட்டினால் இரைய வேண்டும். கூட்டினேன். இரையவில்லை. புத்தகங்களை உருவினேன். மூடியதையெல்லாம் திறந்தேன். மூச்சே இல்லை.

"சத்தம் வரமாட்டேங்குதுக்கா!"

"என்னங்க, இங்க வாங்க! கம்ப்யூட்டர் சத்தம் போடலன்னு அழுறா."

அத்தான் ஈரக்கையோடு வந்து விசைப்பலகையில் காதை வைத்தார். அப்போதுதான் திரை மங்கியது. சார்ஜ் தீரப்போகிறது என்றது. வயரைத் தேடினேன். அது தரையில் கிடந்தது. அதன் இடத்தில் இஸ்திரிப்பெட்டி செருகியிருந்தது.

"எப்பக்கா பிடுங்கின?"

"சட்டையோட வந்தப்பவே. சொன்னேனே."

"சொல்லல."

"மனசுக்குள்ள சொன்னேன்."

சார்ஜரைச் செருகினேன். அலறியது. பிடுங்கினேன். அடங்கியது. அப்டேட்டுக்குப் பிறகு, மின்சாரத்தில் ஓடும்போதெல்லாம் விசிறியும் முழுவேகத்தில் ஓடுகிறது!

"அதை நாளைக்குச் சரிபண்ணலாம்மா. மணி ஆறாகப்போகுது" என்றார் அத்தான்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் பலமுறை வாசித்து, நல்லதைப் பொறுக்குவது என் வழக்கம். மிச்சமிருந்த சார்ஜ் ஒரே வாசிப்புக்குத்தான் தாங்கும். அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அத்தான் அசையாமல் நின்றார். புத்தகத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். புயலில் மாட்டிய ஒரு படகைப் பற்றிய கதை அது. நடுவில் ஒரு சொல்லில் நாக்குத் தடுக்கியது. நிறுத்தக் கைபோனது, நிறுத்தவில்லை. தேர்வுக்குக் கொடுத்த பகுதி முடிந்ததும் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது என்று வந்த கையோடு திரை இருண்டது.

"போச்சு. ஒரு இடத்துல தடுக்கிட்டேன்" என்றேன்.

"எங்க?" என்றார் அத்தான்.

"அதை விடு, படகு கரைக்கு வந்துச்சா இல்லையா? அந்தரத்துல விட்டுட்டியேடி!" என்றாள் அக்கா.

விளையாட்டுக்குக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.