சட்டைப்பைக் கேமராவின் நிறைகுறைகள்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு போன். பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, "சின்ன டிஜிட்டல் கேமரா இருக்கில்ல, அதோட நிறை, குறை ரெண்டையும் எழுதிக் குடுங்க. கதை கிதைன்னு ஆரம்பிச்சுடாதீங்க" என்றார். வேண்டாம் என்றால்தான் எனக்குக் கை துறுதுறுக்கும்.

கேமரா என்பது மனிதகுலத்தின் மாபெரும்… (அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் எதையும் நானே படித்ததில்லை.)

2

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர். கேமரா அவர் சட்டைப்பையில் கிடக்கும். தலை நுழையாத சந்துக்குள் கையை மட்டும் விட்டு இரும்புக் கயிற்றைப் படமெடுப்பார். எந்த இழை பிய்ந்திருக்கிறது என்று வெளியே எடுத்துப் பார்த்துக்கொள்வார். கீழே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும். நிறைகள் முடிந்தன.

குறை: பொத்தானை அழுத்தினால் யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். அரை நொடி. கயிறு எங்கும் ஓடிப்போகாது, அதனால் அவர் கவலைப்பட்டதில்லை. மகள் நீச்சல் போட்டிகளில் இறங்கிய பிறகுதான் தொல்லை. முதல் வருஷம் முழுக்க வெறும் தண்ணீரையே எடுத்துத் தள்ளினார். பிறகு அரை நொடி முன்பே அழுத்தப் பழகிக்கொண்டார்.

(முதலில் அவரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். சிடுமூஞ்சிக்கு அந்தப் பொறுமை வராது. மாற்றிவிட்டேன்.)

3

அன்று மாவட்ட இறுதிப் போட்டி. முதலாவது வருபவள் மட்டுமே மாநிலப் போட்டிக்குப் போவாள். மகளும் பக்கத்துப் பாதைப் பெண்ணும் ஒன்றாகச் சுவரைத் தொட்டதுபோல் இருந்தது. இருவருக்கும் நேரம் குறித்த கடிகாரங்கள் ஒரே நேரத்தைக் காட்டின. நடுவர்கள் கூடிப் பேசி மகளின் பெயரை அறிவித்தார்கள். நான்கு வருஷம் விடியற்காலையில் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டவர் அவர்.

உடைமாற்றும் அறைப் பக்கம் கூரை நிழலில் நடந்துகொண்டே படத்தைப் பார்த்தார். பக்கத்துப் பெண்ணின் விரல்கள் சுவரில் இருந்தன. மகளின் கை ஒரு சாண் இப்பால்.

அவர் எடுத்த படங்களிலேயே மிகச் சரியாக விழுந்தது அதுதான். இதை என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

4

முடிவு ஒன்று: படத்தை அழித்துவிடுகிறார். (சுலபம். எழுதிவிட்டு நான் டீ குடிக்கப் போயிருக்கலாம்.)

முடிவு இரண்டு: நடுவரிடம் ஓடிப்போய், "ஐயா, தப்பு நடந்துபோச்சு, எம் பொண்ணு…" (எனக்கே நம்பிக்கை வரவில்லை. நான் எழுதியது ஓர் அப்பாவை, சிலையை அல்ல.)

நடந்தது வேறு. வெளியே வந்ததும் தோற்ற பெண்ணின் அம்மா எதிரே நின்றார்.

"அண்ணா, நீங்க போட்டோ எடுத்தத பாத்தேன். கொஞ்சம் காட்டுங்களேன். எம் பொண்ணு, 'நான்தாம்மா மொதல்ல தொட்டேன்'னு அழுதுட்டே இருக்கா."

மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. கேமராவைக் கொடுத்தார். உச்சி வெயில். ஆசிரியர் கவனிக்கவும், இன்னொரு குறை: வெயிலில் இதன் திரை வெறும் கறுப்புக் கண்ணாடி. அந்த அம்மா சாய்த்துப் பார்த்தார், கையால் மறைத்துப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலண்ணா. நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புறேன்."

மகள் தலை துவட்டிக்கொண்டே வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

5

"படம் சரியா விழலம்மா" என்று அவர் சொன்னதாக எழுதினேன். மூன்று நாள் அந்த வரி அப்படியே இருந்தது. பிறகு அடித்தேன். நிறை குறை எழுத வந்தவன் நான். இல்லாத குறையை அந்தக் கேமராவின் தலையில் கட்ட மாட்டேன்.

ஆகவே அவருடைய பதில் இருந்த இடம் இப்போது காலி. அந்த அம்மா கேமராவை நீட்டியபடியே நிற்கிறார். "என்னப்பா அது?" என்கிறாள் மகள். படத்தை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். அவர்கள் இருவரிடமும் நீங்களே சொல்லுங்கள்.