மொன்வியல் ஊர்ப்பலகை

அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மார்சலின் தன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயம் சைக்கிள் சங்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. மொன்வியல் ஊரின் பெயர்ப்பலகையை இடம் மாற்றிவிட்டார்கள்.

வியாழக்கிழமை மாற்றியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை அவள் பார்த்துவிட்டாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் பார்க்காமல் எப்படி? பலகை வந்தால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஊருக்கு வெளியே நாலைந்து புது வீடுகள் முளைத்திருந்தன. அவற்றின் வாசலில் கார்கள் பறக்கின்றன என்று யாரோ மேயரை நச்சரித்திருக்க வேண்டும். வால்நட் மரத்தடியில் காலங்காலமாக நின்ற பலகையைப் பிடுங்கி, வெகுதூரம் வெளியே தள்ளி, சாலையோரக் கல்சிலுவைக்கும் முன்னால் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள்.

இதிலென்ன பெரிய விஷயம் என்று ஃபிஜாக் சைக்கிள் சங்கத்துக்காரர்களிடம் கேட்டுவிட முடியாது. ஞாயிறுதோறும் எட்டுப் பத்துப் பேராகக் கிளம்புவார்கள். வழியெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டு, நல்ல பிள்ளைகளாகத்தான் போவார்கள். ஓர் ஊரின் பலகை நெருங்க வேண்டியதுதான், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட வெறிபிடித்தாற்போல் பாய்வார்கள். முதலில் தாண்டியவருக்கு அடுத்த ஊர் வரை பெருமை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஆண்டின் கடைசிப் பலகையான மொன்வியல் மட்டும் வேறு கதை. அதை யார் முதலில் தாண்டுகிறார்களோ அவர்தான் வரும் பெந்தெகொஸ்து விடுமுறையில் சங்கம் போகும் மூன்று நாள் பயணத்துக்குப் பாதை வகுப்பார். மற்றவர்கள் வாயைத் திறக்காமல் பின்னால் போக வேண்டும்.

அந்த உரிமை பல வருடமாகக் கஸ்பாரிடம் சிக்கிக்கொண்டிருந்தது. ஆசாமிக்குக் குழாய் பொருத்துகிற தொழில். தொடை இரண்டும் உருட்டுக்கட்டை, வாய் அதைவிடப் பெரிது. அவன் வகுக்கும் பாதை எப்போதும் ஒன்றேதான். தொர்தோஞ் ஆற்றங்கரையோடு தட்டையாக இறங்கிப் போய், அவனுடைய மைத்துனனின் ஒயின் கிடங்கு வாசலில் முடியும். வழியிலிருக்கும் கோட்டைகளின் கற்களெல்லாம் சங்கத்துக்காரர்களுக்கு இப்போது சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன.

வாரத்தில் ஐந்து நாள் மார்சலின் ஓட்டுவது நிர்வாகம் வகுத்த பாதை. ஞாயிற்றுக்கிழமை கஸ்பார் வகுத்த பாதை. ஒரே ஒரு தடவை, தான் வகுத்த பாதையில் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கருங்கல் வீடுகள் நிற்கும் சலேர்ஸ் ஊர் வழியாக ஏறி, புய் மரி மலைக்கணவாய் வரை. சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து விரலாலேயே பல தடவை ஏறி இறங்கிவிட்டாள். இனி அதிகம் காத்திருக்கவும் முடியாது. இடது முட்டியைப் படமெடுத்துப் பார்த்த மருத்துவர், இன்னும் ஒரு வருடம் மலை ஏறலாம், அதற்குப் பிறகு சமதரை மட்டும்தான் என்று சொல்லியிருந்தார். தனியாகப் போயிருக்கலாமே என்றால் போயிருக்கலாம்தான். ஆனால் தனியாக மலை ஏறி யாரிடம் பீற்றிக்கொள்வது?

அவள் ஒருநாளும் ஜெயிக்காததற்குக் காரணம் அவளுடைய அகன்ற முதுகும் இளகிய மனசும். முன்னால் ஒருவர் காற்றை வெட்டிக்கொண்டு போனால் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பாதி உழைப்பு மிச்சம். ஆளுக்குக் கொஞ்ச நேரம் மாறிமாறி முன்னால் வர வேண்டும் என்பதுதான் முறை. மார்சலின் முன்னால் போனால் யாரும் மாற வர மாட்டார்கள். கஸ்பார் அவளுடைய பின்சக்கரத்தில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்வான், பலகை நெருங்கியதும் புத்தம்புதுக் காலோடு தாண்டிப் பாய்வான்.

அன்று வழக்கம்போல் கர்தையாக் ஊரில் காப்பிக்கு நிறுத்தினார்கள். பழைய கோபுரத்தடியில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு, வெளியே போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மார்சலினுக்கு மனசு கேட்கவில்லை. தனக்கு மட்டும் தெரிந்ததை வைத்துக்கொண்டு ஜெயித்தால் அது ஜெயிப்பா? சொல்லிவிடலாம் என்று கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கஸ்பார், மொன்வியல் பலகை இருக்குல்ல, அதை..."

"பாருங்கப்பா, நம்ம டிரைவரம்மா பலகையைப் பத்திப் பேசறாங்க" என்றான் கஸ்பார், சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே. "பலகையைப் பத்திப் பேசறதெல்லாம் ஜெயிச்சவங்க வேலை, மார்சலின். நீ காத்தைப் பத்திப் பேசு. அது உன் டிப்பார்ட்மென்ட்."

எல்லாரும் சிரித்தார்கள். தாடி வைத்த இளம் கால்நடை மருத்துவன் பசீல் மட்டும் சங்கடமாகத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் போன வசந்தத்தில்தான் சங்கத்தில் சேர்ந்தவன்.

"இல்ல, விஷயம் என்னன்னா..."

"மைத்துனன்கிட்ட சொல்லிட்டேன்" என்று கஸ்பார் மற்றவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டான். "இந்தத் தடவை வாத்துக்கறியும் உண்டு."

மார்சலினுக்குக் காது மடல் சுட்டது. சரி, கேட்க விருப்பமில்லாதவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அதற்குப் பிறகு அவளுடைய மனசாட்சி ஒரு வார்த்தை பேசவில்லை.

கர்தையாக்கிலிருந்து இறங்கியதும் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. தென்கிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று தொடங்கிவிட்டால் நாய்கூட வாலை மடக்கிக்கொண்டு மூலையில் படுத்துவிடும். சங்கத்துக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு எல்லாரும் ஒரே முதுகைப் பார்த்தார்கள்.

"நான் முன்னாடி போறேன்" என்றாள் மார்சலின்.

"தங்கமான மனசு" என்றான் கஸ்பார்.

அவளுக்குப் பின்னால் பசீல், அவனுக்குப் பின்னால் கஸ்பார், அப்புறம் மற்றவர்கள். வரிசை கயிறு பிடித்தாற்போல் வந்தது. கஸ்பார் இரண்டாவதாகக்கூட வரவில்லை, மூன்றாவதாகப் போய்ச் சொகுசாக உட்கார்ந்துகொண்டான். வயல்கள் அறுத்துக் கிடந்தன. மொன்வியல் தேவாலயத்தின் கூம்பு முதலில் மரங்களுக்கு மேலே தெரிந்து, பிறகு மறைந்தது. மார்சலினுக்குத் தெரியும், இந்த நேரத்தில் பின்னால் யாரும் தலையைத் தூக்க மாட்டார்கள். கல்சிலுவை வந்தால்தான் பாய்ச்சல் தொடங்கும். அதுவரை எல்லாரும் முன்னால் போகிறவரின் சக்கரத்தைப் பார்த்தபடி மூச்சைச் சேமிப்பார்கள். பல வருடப் பழக்கம் அது.

வளைவு திரும்பியதும் பலகை தெரிந்தது. வெள்ளைப் பலகை, சிவப்புக் கரை, புத்தம்புதுக் கம்பத்தில். இப்போது எழுந்து பாய்ந்தால் எல்லாரும் விழித்துக்கொள்வார்கள். அதனால் ஒன்றும் தெரியாதவள் மாதிரி அதே வேகத்தில் மிதித்தாள்.

அப்போது பின்னால் 'டக்' என்று கியர் மாறும் சத்தம் கேட்டது.

பசீல் பார்த்துவிட்டான். புது ஆள், அவனுக்கு மரமும் சிலுவையும் பழக்கத்தில் ஊறவில்லை. கண்ணெதிரே பலகை என்றால் அது பலகை. அவனுடைய முன்சக்கரம் அவளுடைய இடது கால் ஓரமாக மெல்ல ஏறி வந்தது. மார்சலின் திரும்பவில்லை. ஒரு கியர் ஏற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். முட்டி முணுமுணுத்தது. "இன்னிக்கு மட்டும்" என்று அதனிடம் கெஞ்சினாள். பசீலின் மூச்சு அவள் தோளருகே கேட்டது. அவன் அவளைவிட இருபது வயது இளையவன், ஆனால் காற்று இப்போது அவன் முகத்திலும் அறைந்தது. பின்னால் வந்தவர்கள், டிரைவரம்மா இன்று நன்றாகத்தான் இழுக்கிறாள் என்று சந்தோஷமாகக் குனிந்தபடி வந்தார்கள்.

பலகை அவள் வலது கையோரமாகக் கடந்து போனது. பசீலின் சக்கரம் அவளுடைய பெடலைத் தாண்டியிருக்கவில்லை.

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். உடனே கல்சிலுவை வந்தது. "இப்போ!" என்று கத்திக்கொண்டு கஸ்பார் அவளைத் தாண்டிப் பாய்ந்தான், அவன் பின்னால் மற்றவர்கள் அலறிக்கொண்டு பறந்தார்கள். வால்நட் மரத்தடியில் கஸ்பார் இரண்டு கைகளையும் விட்டு வானத்தைப் பார்த்து உயர்த்தினான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான். மரம் இருந்தது. பலகை நின்ற இடத்தில் இரண்டு குழிகள் மட்டும் இருந்தன, அவற்றையும் புது சிமென்ட் போட்டு மூடியிருந்தார்கள்.

"பலகை எங்கப்பா?"

அதற்குள் மார்சலினும் பசீலும் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பசீலால் சைக்கிளிலிருந்து இறங்கக்கூட முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

"பின்னாடி இருக்கு" என்றான். "சிலுவைக்கு முன்னாடியே வந்துடுச்சு. நீங்க எல்லாரும் குனிஞ்சுக்கிட்டே தாண்டினீங்க."

"அப்போ யாரு முதல்ல தாண்டினது?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

பசீல் மார்சலினைத் திரும்பிப் பார்த்தான். நான்தான் என்று அவன் சொல்லியிருந்தால் மறுக்க ஆளில்லை. மார்சலின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்காதான். நான் உயிரைக் குடுத்து மிதிச்சேன், ஒரு பெடல் தாண்ட முடியல."

கஸ்பாரின் முகத்தில் ஈயாடவில்லை. "இதெல்லாம் கணக்குல வராது. நாம எப்பவும் மரத்தைத்தான கோடா வெச்சிருக்கோம்?"

"ஏம்ப்பா" என்றார் தபால்காரர், "விவசாயிங்க போராட்டம் பண்ணினப்போ ஊருக்கு ஊர் பலகையைக் கழட்டித் தலைகீழா மாட்டினாங்களே, மொன்வியல்ல இடமும் மாறிப்போச்சே, அந்த வருஷம் நாங்க எல்லாரும் மரம்தான் கோடுன்னோம். பலகை எங்க இருக்கோ அங்கதான் கோடு, மரமும் கிடையாது மண்ணாங்கட்டியும் கிடையாதுன்னு சொல்லி ஜெயிச்சுட்டுப் போனது யாரு?"

கஸ்பார் மரத்தைப் பார்த்தான். அது அவனுக்குச் சாட்சி சொல்ல வரவில்லை. மார்சலின் பக்கம் விரலை நீட்டினான்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்" என்றாள் மார்சலின். "காப்பி குடிக்கறப்போ சொல்ல வந்தேன். பலகையைப் பத்திப் பேசறது ஜெயிச்சவங்க வேலைன்னு நீதான் சொன்ன. இப்போ நான் பேசலாமா?"

தபால்காரர் கைதட்டினார். கஸ்பாரின் மீசைக்கடியில் முதலில் ஒரு துடிப்பு வந்தது, அது அடங்காமல் சிரிப்பாக வெடித்தது. அவனிடம் அந்த ஒரு நல்ல குணம் உண்டு, தன்னைப் பார்த்தும் சிரிக்கத் தெரியும்.

மொன்வியல் சத்திரத்து மதியச் சாப்பாட்டில் வெள்ளை பீன்ஸும் வாத்துக்கறியும் வந்தன. மேசையில் விரித்திருந்த காகிதத்தில் மார்சலின் பேனாவால் பாதையை வரைந்தாள். சலேர்ஸ் வந்தபோது அதை இரண்டு தடவை அழுத்திச் சுழித்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. புய் மரியில் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டாள்.

"இது ரோடா, ஏணியா?" என்றான் கஸ்பார். "இந்த மேட்டுல எனக்கு யாரு காத்து மறைக்கறது?"

"அந்த மேட்டுல ஆள் பின்னாடி ஒளியறதால ஒரு பிரயோஜனமும் கிடையாது. அவங்கவங்க உடம்பை அவங்கவங்கதான் தூக்கிட்டுப் போகணும்."

கஸ்பார் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான். அப்புறம் பீன்ஸ் கிண்ணத்தைப் பசீல் பக்கம் தள்ளிவிட்டான்.

வீடு திரும்பும் சாலையும் தென்கிழக்கு நோக்கியே போனதால் எதிர்க்காற்று விடவில்லை. ஊர் எல்லையில் மார்சலின் பழக்கதோஷத்தில் முன்னால் போனாள். கஸ்பார் அவளைத் தாண்டி வந்து, அவளுக்கு முன்னால் புகுந்துகொண்டான்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"முட்டியைப் பாத்துக்கோ. மேட்டுக்கு வேணும்ல."

"முட்டி விஷயம் உனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? இத்தனை வருஷமா உன் பின்னாடியே வரேன். நீ மிதிக்கறதைத் தவிர வேற எதை நான் பாத்திருக்கேன்? கோடையிலேர்ந்து இடது கால் இழுக்குது."

மார்சலின் அவனுடைய பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டாள். அவனுடைய முதுகுக்குப் பின்னால் காற்று சட்டென்று நின்றுபோயிருந்தது. கால்கள் தாமாகச் சுற்றின, மூச்சு வாங்கவில்லை, பக்கத்து வேலியில் சிவந்திருந்த காட்டுப் பழங்களைப் பார்க்கக்கூட நேரம் இருந்தது. இத்தனை வருடமும் இவர்கள் இப்படியா வந்துகொண்டிருந்தார்கள்? அவளுக்கு வயிறும் எரிந்தது, சிரிப்பும் வந்தது.

"சொகுசா இருக்கா?" என்று கஸ்பார் மூச்சிரைக்கக் கேட்டான்.

"இருக்கு" என்றாள் மார்சலின். "வீடு வர வரைக்கும் விலகாத."